ராத்திரி ஒரு மணிக்குக் கீரை ஆய்ந்த கதை

தூக்கம் வரவில்லை என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், வைத்தியம் சொல்லாத ஆளே இருக்காது. கசகசாவை அரைத்துப் பாலில் கலந்து குடி என்பார்கள். உள்ளங்காலில் விளக்கெண்ணெய் தேய், ஜாதிக்காய்த்தூள் ஒரு சிட்டிகை போடு, வடக்கே தலை வைக்காதே, ராத்திரி சீக்கிரம் சாப்பிடு, போனைத் தொடாதே. எங்கள் பள்ளிக்கூட ஸ்டாஃப் ரூமில் மட்டும் இந்த வகையில் ஒரு புத்தகம் போடும் அளவுக்குச் சரக்கு இருக்கிறது. எல்லாம் செய்து பார்த்தேன். கசகசாப் பால் நன்றாகவே இருந்தது. தூக்கம்தான் வரவில்லை.

எனக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. பாளையங்கோட்டையில் மேல்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். மாதவிடாய் நிற்கும் சமயத்தில்தான் இது ஆரம்பித்தது. நடு ராத்திரி கழுத்துக்குக் கீழே குபீரென்று சூடேறும். எழுந்து உட்கார்ந்தால் ஜாக்கெட் நனைந்திருக்கும், ஃபேனைக் கூட்டி வைத்துப் படுத்தால் ஐந்து நிமிஷத்தில் குளிரும். அதே நேரத்தில் அம்மா பக்கவாதத்தில் படுக்கையில் விழுந்தார். ராத்திரி இரண்டு தடவை அவரைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். அம்மா போய்ச் சேர்ந்தார். உடம்புச் சூடும் மெல்ல மெல்ல அடங்கியது. இரண்டு மணிக்கு முழிப்பு வருவது மட்டும் நிற்கவில்லை. திருப்பிப் போட ஆள் இல்லாத வீட்டில், அதே நேரத்துக்குக் கண் திறந்துகொள்ளும்.

டாக்டர் முதலில் தைராய்டு, ரத்த அளவு, சர்க்கரை எல்லாம் பார்த்தார். பிறகு என்னை விட்டுவிட்டு வீட்டுக்காரரிடம் கேள்வி கேட்டார். குறட்டை விடுகிறார்களா, இடையில் மூச்சு நின்று திணறுகிறார்களா, பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்கி விழுகிறார்களா? உறக்கத்தில் மூச்சுத்தடை இருந்தால் வைத்தியமே வேறு என்பதால் அந்தக் கேள்விகள். எனக்கு அதெல்லாம் இல்லை. ஒரு உளவியலாளரைப் பார்க்கச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார். என் ஓரகத்தி அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டு, “மைனிக்கு என்ன வந்துச்சு இப்ப?” என்று அடுக்களையில் கிசுகிசுத்தது ஹாலில் இருந்த எனக்கே கேட்டது.

அந்த உளவியலாளர் என் மகள் வயசுப் பெண். “டீச்சர், டீச்சர்” என்றுதான் பேசும். முதல் நாளே ஒரு விஷயத்தைப் பிரித்துக் காட்டியது. தூக்கமின்மைக்கு மூன்று அடுக்கு உண்டாம். நம் சுபாவத்திலேயே இருப்பது ஒன்று. நான் எதையும் ஊன்றி யோசிக்கிற ரகம். அதைத் தூண்டிவிடுவது இன்னொன்று. எனக்கு அம்மாவின் நோயும் உடம்பு மாற்றமும். மூன்றாவது, தூண்டியது போன பிறகும் அதை நீடிக்க வைப்பது. ஆர்தர் ஸ்பீல்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980-களில் இப்படிப் பிரித்துக் காட்டினார். அவர் சொன்னதன் உயிர்நாடி மூன்றாவதில்தான் இருக்கிறது. தூக்கம் குறைந்தவர்கள் எல்லோரும் என்ன செய்வோம்? சீக்கிரமே போய்ப் படுப்போம், விடிந்தும் எழ மாட்டோம், மத்தியானம் கொஞ்சம் கண்ணயர்வோம். வந்தால் வரட்டும் என்று படுக்கையில் காத்துக் கிடப்போம். அந்தக் காத்துக் கிடப்புதான் நோயை வளர்க்கிறது.

முதல் வேலையாக இரண்டு வாரம் தூக்கக் குறிப்பு எழுதச் சொன்னது. எத்தனை மணிக்குப் படுத்தேன், தூக்கம் வர உத்தேசமாக எவ்வளவு நேரம் ஆனது, எத்தனை தடவை முழித்தேன், கடைசியாக எப்போது எழுந்தேன். ராத்திரியில் மணி பார்க்கக் கூடாது, காலையில் எழுந்தபின் உத்தேசமாக எழுதினால் போதும். நான்தான் கணக்கு டீச்சராயிற்றே, பழைய கோடு போட்ட நோட்டில் கட்டம் கட்டி எழுதினேன். சராசரி பார்த்தால், படுக்கையில் இருந்தது எட்டரை மணி நேரம், தூங்கியது ஐந்தரை. நூற்றுக்குக் கணக்கிட்டால் 65. முப்பத்தைந்து எடுத்தால் பாஸ் போடுகிற பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பவளுக்கு அது மோசமாகத் தெரியவில்லை. “இதுல பாஸ் மார்க் 85, டீச்சர்” என்றது அந்தப் பெண்.

அடுத்து அது சொன்னதைக் கேட்டு எழுந்து வந்துவிடலாமா என்று இருந்தது. ஐந்தரை மணி நேரம்தானே தூங்குகிறீர்கள், படுக்கையிலும் ஐந்தரை மணி நேரம் மட்டும் இருங்கள். ராத்திரி பதினொன்றரைக்கு முன்னால் படுக்கக் கூடாது. காலை ஐந்து மணிக்கு, தூங்கினாலும் தூங்காவிட்டாலும், எழுந்துவிட வேண்டும். மத்தியானத் தூக்கம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். தூக்கம் இல்லை என்று வந்தவளிடம் குறைவாகப் படு என்றால் எப்படி இருக்கும்?

காரணத்தை விளக்கிய பிறகுதான் மனசு ஒப்பியது. அலெக்சாண்டர் போர்பெலி என்ற சுவிட்சர்லாந்து ஆராய்ச்சியாளர் 1982-ல் சொன்னதை வைத்துத்தான் இன்றும் இந்தத் துறை நடக்கிறது. தூக்கத்தை இரண்டு விஷயங்கள் நடத்துகின்றன. ஒன்று உடம்புக்குள் ஓடும் கடிகாரம். மற்றது விழித்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் ஏறிக்கொண்டே போகும் தூக்க அழுத்தம். விழித்திருக்கும்போது மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்வது இந்த அழுத்தத்தில் முக்கியப் பங்கு வகிக்கிறது. தூங்கினால் அது கரையும். கல்யாண வீட்டுப் பந்தியில் உட்காருவதற்கு முன்னால் இரண்டு முறுக்கும் ஒரு லட்டும் தின்றுவிட்டுப் போனவனுக்குச் சோறு இறங்காது. மத்தியானத் தூக்கமும், ஒன்பது மணிக்கே படுத்து அரைகுறையாகக் கண்ணயர்வதும் அந்த முறுக்கு மாதிரி. காபி தன் வேலையைக் காட்டுவதும் இந்த இடத்தில்தான். காஃபின் அடினோசின் உட்காரும் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்னால் 400 மில்லிகிராம் காஃபின் எடுத்தவர்களுக்குக்கூட ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் குறைந்ததாக 2013-ல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. 150 மில்லி டிகாக்‌ஷன் வகைக் காபியில் 80 முதல் 120 மில்லிகிராம் இருக்கும், ஒரு நாளைக்கு 300-ஐத் தாண்ட வேண்டாம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியில் உள்ள கணக்கு. நான் நாலரை மணிக் காபியை விட்டேன். அதுதான் இந்த மொத்தச் சிகிச்சையிலும் எனக்குப் பெரிய தியாகம்.

பதினொன்றரை வரை முழித்திருப்பது லேசான காரியம் இல்லை. பத்து மணிக்கெல்லாம் கண் சொக்கும். சோபாவில் சாய்ந்தால் போச்சு. அதனால் நின்றுகொண்டு செய்கிற வேலைகளாகப் பார்த்து வைத்துக்கொண்டேன். மறுநாள் சேலைக்கு இஸ்திரி போடுவது, காலைக்குத் தேங்காய் துருவி வைப்பது, பத்தாம் வகுப்புப் பேப்பர் திருத்துவது. பேப்பரை மட்டும் உட்கார்ந்து திருத்தினேன். ஒரு நாள் ஒரு பையனுக்கு நூற்றுக்கு நூற்றிப் பத்து போட்டு வைத்திருந்தேன்.

இன்னொரு விதியும் உண்டு. படுக்கை தூங்குவதற்கு மட்டும். படுத்துச் சுமார் கால் மணி நேரம் ஆகியும் தூக்கம் வராவிட்டால், அல்லது நடுவில் முழித்து மனசு ஓட ஆரம்பித்தால், எழுந்து வேறு அறைக்குப் போய்விட வேண்டும். தூக்கம் கண்ணை இழுக்கும்போதுதான் திரும்ப வர வேண்டும். ரிச்சர்ட் பூட்சின் என்பவர் 1972-ல் சொன்ன முறை இது. வருஷக்கணக்கில் புரண்டு புரண்டு, அந்தக் கட்டிலைக் கண்டாலே மூளை விழித்துக்கொள்ளப் பழகியிருக்கும். அதை மாற்றிப் பழக்குவதுதான் நோக்கம்.

எழுந்து என்ன செய்வது? போன் வேண்டாம், சுவாரசியமான கதைப் புத்தகமும் வேண்டாம், அலுப்புத் தட்டுகிற வேலையாக இருக்கட்டும் என்றது அந்தப் பெண். நான் முருங்கைக்கீரையைத் தேர்ந்தெடுத்தேன். சாயங்காலமே கொல்லையில் ரெண்டு கொத்து ஒடித்து முறத்தில் போட்டு வைத்துவிடுவேன். ஹாலில் சின்ன லைட்டைப் போட்டுக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து இலை இலையாக உருவ வேண்டியது. பழுத்த இலை ஒரு பக்கம், காம்பு ஒரு பக்கம். ஒரு நாள் ஒரு மணி இருக்கும். தண்ணீர் குடிக்க எழுந்து வந்த வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“ஏளா, இந்நேரத்துல என்ன கீரை ஆயுத?”

“டாக்டர் சொல்லியிருக்காங்க. நீங்க போய்ப் படுங்க.”

“கீரை ஆயச் சொல்லியா?”

சிரிப்பை அடக்க முடியவில்லை. மறுநாள் கீரைப் பொரியல் சாப்பிடும்போது, “இது ராத்திரி டியூட்டில செஞ்சதா?” என்றார். அதிலிருந்து எங்கள் வீட்டில் முருங்கைக்கீரைக்கு நைட் ஷிஃப்ட் கீரை என்றே பேர்.

முதல் இரண்டு மூன்று வாரம் கொடுமைதான், அதை மறைக்க வேண்டியதில்லை. இந்தச் சிகிச்சையைப் பற்றி எழுதுகிற பலர் இதைச் சொல்லாமல் தாண்டிவிடுகிறார்கள். ஆரம்பித்தவர்கள் பாதியில் விடுவதற்கு இதுதான் காரணமாக இருக்கும். பகலில் தலை கனக்கும், கண் எரியும், யாராவது சத்தமாகப் பேசினால் எரிச்சல் வரும். அந்த நாட்களில் ஸ்கூட்டியைத் தொடக் கூடாது என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். பக்கத்துத் தெரு இங்கிலீஷ் டீச்சரோடு டவுன் பஸ்ஸில் போனேன். மத்தியான இடைவேளையில் ஸ்டாஃப் ரூம் மேஜையில் தலை வைக்காமல் இருக்க, மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருவேன். இதை ஆரம்பிப்பவர்கள் பரீட்சைக் காலம், வீட்டில் விசேஷம், நீண்ட பயணம் எதுவும் இல்லாத மாதமாகப் பார்த்து ஆரம்பிப்பது நல்லது.

பிறகு ஒரு நாள் படுத்தது ஞாபகம் இருந்தது, அடுத்து அலாரம்தான். அப்படியே எல்லா நாளும் அமைந்துவிடவில்லை. ஆனால் ஒரு வாரச் சராசரி 85-ஐத் தொட்டதும், கால் மணி நேரம் கூட்டிக் கொடுத்தார்கள், பதினொன்றேகாலுக்குப் படுக்கலாம். அடுத்த வாரமும் தேறினால் இன்னொரு கால் மணி. இன்றைக்குப் பத்தரைக்குப் படுத்து ஐந்து மணிக்கு எழுகிறேன். இரண்டு மணி முழிப்பு சில நாள் வரும். வந்தால் புரண்டு படுத்தால் போய்விடும்.

தேறிய பிறகுதான் இதன் பின்னால் உள்ள ஆய்வுகளைத் தேடிப் படித்தேன். நான் செய்துகொண்டதற்குத் தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்று பெயர். அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர்கள் அமைப்பு 2016-லேயே, நாள்பட்ட தூக்கமின்மை உள்ள எல்லாப் பெரியவர்களுக்கும் மாத்திரைக்கு முன்னால் இதைத்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. மாதவிடாய் நிற்கும் காலத்துப் பெண்களை வைத்தே ஓர் ஆய்வு அமெரிக்காவில் நடந்து 2016-ல் வெளிவந்திருக்கிறது. உடம்புச் சூட்டோடு தூக்கமும் கெட்டிருந்த 40 முதல் 65 வயதுப் பெண்கள் 106 பேர். எட்டு வாரத்தில் ஆறு தடவை போனில் பேசியே இந்தச் சிகிச்சையைச் சொல்லிக் கொடுத்தார்கள். நல்ல பலன் கிடைத்தது. ‘இந்த வயசுல அப்படித்தான் இருக்கும்’ என்று நம் ஊரில் எத்தனை பெண்களை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம் என்று நினைக்கும்போது வயிறு எரிகிறது.

இங்கிலாந்தில் நடந்த ஆய்வு இன்னும் எளிமையானது. 2023-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. 642 பேர். சாதாரண ஊர் மருத்துவமனை நர்ஸ்களுக்குக் கொஞ்சம் பயிற்சி கொடுத்து, படுக்கை நேரத்தைச் சுருக்கும் அந்த ஒரு உத்தியை மட்டும் சொல்லிக் கொடுக்க வைத்தார்கள். தூக்கமின்மையின் கடுமையை 28 மதிப்பெண்ணுக்கு அளக்கிற ஒரு கேள்வித்தாள் உண்டு. அதில் மதிப்பெண் குறைந்தால் நல்லது. ஆறு மாதம் கழித்து, குறிப்புத்தாள் மட்டும் வாங்கிப்போனவர்கள் சராசரியாக 13.9-ல் நின்றார்கள், நர்ஸிடம் கற்றவர்கள் 10.9-க்கு இறங்கியிருந்தார்கள். ஸ்பெஷலிஸ்ட் டாக்டர் தேவைப்படவில்லை. நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஏன் இது கூடாது என்று எனக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது 2024-ல் ஜாமா சைக்கியாட்ரி இதழில் வந்த ஆய்வு. உலகெங்கும் நடந்த 241 ஆய்வுகளைச் சேர்த்து, மொத்தம் 31,452 பேரின் தகவலை வைத்து, இந்தச் சிகிச்சையில் எந்தப் பகுதி உண்மையில் வேலை செய்கிறது என்று பிரித்துப் பார்த்தார்கள். படுக்கை நேரத்தைச் சுருக்குவது, தூக்கம் வராவிட்டால் எழுந்து போவது, தூக்கம் பற்றிய பயங்களைக் கேள்வி கேட்பது, வருகிற எண்ணத்தோடு சண்டை போடாமல் விடுவது ஆகியவை தேறின. அறையை இருட்டாக்கு, போனை அணை என்கிற பட்டியல் அறிவுரை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை. உடம்பைத் தளர்த்தும் பயிற்சி சிலசமயம் எதிராகவே போகலாம் என்று தெரிந்தது. எனக்கு அது புரிகிறது. மூச்சை எண்ணிக்கொண்டு படுத்திருக்கும்போது, ‘இப்பத் தூக்கம் வருதா, இப்பவாவது வருதா’ என்று உள்ளே ஒருத்தி எட்டிப் பார்த்துக்கொண்டேதான் இருப்பாள். பட்டியல் கெட்டது என்று சொல்லவில்லை. பட்டியலை மட்டும் கையில் கொடுத்து அனுப்புவதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை.

தூக்கத்தை அளக்கிற ஸ்மார்ட் வாட்ச் ஒன்றும் என்னிடம் இருந்தது. பெங்களூரில் இருக்கும் மகள் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்தது. கையில் கட்டிக்கொண்டு படுத்தால் காலையில் மார்க் போடும். அந்த மார்க் மகளின் போனுக்கும் போகும். “அம்மா, நேத்து 58-தான் வந்திருக்கு, என்ன ஆச்சு?” என்று ஏழு மணிக்குப் போன் வரும். அதுவரை நன்றாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்த எனக்கு உடனே தலை வலிக்க ஆரம்பிக்கும். சிகாகோ ஆராய்ச்சியாளர்கள் 2017-லேயே இப்படி வாட்ச் மார்க்கைத் துரத்தித் தூக்கம் கெட்டவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். ஆக்ஸ்போர்டில் தூக்கமின்மை உள்ளவர்களுக்கு, வேண்டுமென்றே பொய்யான மார்க்கைக் காட்டிப் பார்த்தார்கள். மோசமாகத் தூங்கியதாகச் சொல்லப்பட்டவர்களுக்குப் பகலில் மனநிலையும் சுறுசுறுப்பும் குறைந்தன. இந்த வாட்சுகள் மொத்தத் தூக்க நேரத்தை ஓரளவு சரியாகச் சொல்லும். ஆடாமல் விழித்துக் கிடப்பதைத் தூக்கம் என்று எண்ணிவிடும். ஆழ்ந்த தூக்கம் இவ்வளவு, கனவுத் தூக்கம் அவ்வளவு என்று அது பிரித்துச் சொல்வதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மாப்பிள்ளை இப்போது அதைக் கட்டிக்கொண்டு மாரத்தான் ஓடுகிறார்.

எட்டு மணி நேரம் என்ற எண்ணும் அப்படித்தான் நம்மைப் பிடித்து ஆட்டுகிறது. தான்சானியாவின் ஹட்ஸா, நமீபியாவின் சான், பொலிவியாவின் சிமானே மக்கள் கரண்ட் இல்லாமல் வாழ்கிறவர்கள். 2015-ல் அவர்களை அளந்து பார்த்தபோது ராத்திரித் தூக்கம் 5.7 முதல் 7.1 மணி நேரம்தான் இருந்தது. பொழுது சாய்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆன பிறகே தூங்கினார்கள். அதற்காக எல்லோரும் தூக்கத்தைக் குறைக்கலாம் என்று அர்த்தம் இல்லை. பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும் என்பதுதான் பொதுவான பரிந்துரை. ராத்திரி இரண்டு மணிக்கு உட்கார்ந்து அந்த எண்ணிலிருந்து கழித்தல் கணக்குப் போட வேண்டாம், அவ்வளவுதான்.

எத்தனை மணி நேரம் என்பதைவிட, தினமும் ஒரே நேரமா என்பதற்கு இப்போது மதிப்பு கூடியிருக்கிறது. பிரிட்டனில் சுமார் 61,000 பேரின் கையில் கருவி கட்டி அளந்த தகவலை 2024-ல் வெளியிட்டார்கள். தூக்கத்தின் நீளத்தைவிட, தூக்க நேரத்தின் ஒழுங்குதான் ஆயுளோடு அதிகம் ஒட்டிப்போனது. எங்கள் தெரு அம்மன் கோவில் கொடை வந்தால் ராத்திரி முழுக்க நையாண்டி மேளமும் வில்லுப்பாட்டும்தான், யாரும் தூங்க முடியாது. அன்றைக்கும் நான் ஐந்து மணிக்கு எழுந்துவிடுவேன். படுக்கிற நேரம் நம் கையில் இல்லாத நாள் வரும். எழுகிற நேரம் நம் கையில்தான் இருக்கிறது.

மனசுக்கு என்று ஒரு நோட்டும் வைத்திருக்கிறேன். ராத்திரி சாப்பாடு முடிந்ததும், நாளைக்குச் செய்ய வேண்டியதை அதில் எழுதிவிடுவேன். கேஸ் புக் பண்ண, எட்டாம் வகுப்பு வினாத்தாள், மச்சினர் வீட்டு மொய். 57 இளவயதினரை வைத்து அமெரிக்காவில் நடத்திய சிறிய சோதனையில், செய்து முடித்த வேலைகளை எழுதியவர்களைவிட, செய்யப்போவதை எழுதியவர்கள் சுமார் 9 நிமிஷம் முன்னதாகத் தூங்கினார்கள். ஒன்பது நிமிஷம் பெரிதா என்று கேட்கலாம். எனக்கு மொய்க் கவலை ஒரு மணி நேரம் தின்னும்.

தூக்கம் திரும்பியதும் முதலில் மாறியது என் கோபம். தூக்கம் கெட்டிருந்த இரண்டு வருஷத்தில் காரணமே இல்லாமல் அழுகை வரும், பிள்ளைகள் மேல் சுள்ளென்று விழுவேன். மனச்சோர்வினால் தூக்கம் கெடுகிறது என்றுதான் நாம் நினைக்கிறோம், அந்தப் பாதை திரும்பியும் வருகிறது. லாஸ் ஏஞ்சல்ஸில் 60 வயதைக் கடந்த, மனச்சோர்வு இல்லாத ஆனால் தூக்கமின்மை உள்ள 291 பேரை மூன்று வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் 12.3 சதவீதம் பேருக்கும், தூக்கம் பற்றிய பாடம் மட்டும் கேட்டவர்களில் 25.9 சதவீதம் பேருக்கும் மனச்சோர்வு வந்தது. 2022-ல் வெளியான ஆய்வு இது. வீட்டில் வயசானவர்கள் ‘தூக்கமே இல்லம்மா’ என்றால் காது கொடுத்துக் கேளுங்கள்.

தூக்கத்துக்குப் போடும் மாத்திரை பற்றி ஒரு வார்த்தை. மாமியாருக்கு எழுதிக் கொடுத்த அல்ப்ரசோலம் பட்டையிலிருந்து மருமகள் ஒன்று போடுவதும், அவள் தோழிக்கு ஒன்று கொடுப்பதும் நம் வீடுகளில் சர்வ சாதாரணமாக நடக்கிறது. அது டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத, கடைக்காரர் பதிவேட்டில் எழுத வேண்டிய மருந்து. வயசானவர்கள் தடுமாறி விழுந்து இடுப்பு உடைய இது வழி வைக்கும். ஏற்கெனவே வருஷக்கணக்கில் போடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றைக்கே நிறுத்திவிடவும் கூடாது, திடீரென்று விட்டால் வலிப்புகூட வரலாம். டாக்டரிடம் சொல்லிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

படுக்கை நேரத்தைச் சுருக்குவதும் எல்லோருக்கும் ஆகாது. வலிப்பு நோய் உள்ளவர்கள், இருமுனைக் கோளாறு (மனசு அளவுகடந்த உற்சாகத்துக்கும் சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் நோய்) உள்ளவர்கள், உறக்கத்தில் மூச்சுத்தடை உள்ளவர்கள், லாரி பஸ் ஓட்டுகிறவர்கள், உயரத்தில் நின்று வேலை செய்கிறவர்கள் தாங்களாக இறங்கக் கூடாது. எனக்கும் ஐந்து மணி நேரத்துக்குக் கீழே எக்காரணம் கொண்டும் குறைக்கக் கூடாது என்று எழுதியே கொடுத்தார்கள். டாக்டரிடம் போவதற்கு முன்னால் இரண்டு வாரக் குறிப்பை எழுதிக் கையோடு கொண்டுபோங்கள். ‘சரியா தூக்கம் இல்ல சார்’ என்று சொன்னால் மாத்திரை எழுதுகிற டாக்டர்கூட, கட்டம் போட்ட தாளைப் பார்த்தால் நாலு கேள்வி கேட்பார். பக்கத்தில் உளவியலாளர் யார் இருக்கிறார் என்று தெரியாவிட்டால் மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐக் கூப்பிட்டுக் கேட்கலாம். காசு கிடையாது, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.